பிள்ளைங்க பலகாரத்துக்கு சீனி எதுக்கு, பழத்துலயும் கிழங்குலயும் இல்லாத இனிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல போன வாரம் குழந்தைகளுக்கு சத்தான பலகாரம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, அத பாத்துட்டு தான் எழுதுறேன். கேரட் அல்வா, பீட்ரூட் அல்வா, மஞ்சப் பூசணி பாயாசம், வாழைப்பழ பணியாரம், நாலுமே நல்ல பொருள் தான், ஆனா நாலுலயும் ஒரு கப் சீனி இல்லன்னா முக்கா கப் வெல்லம்னு இருக்கு. கால் கிலோ கேரட்டுக்கு ஒரு கப் சீனின்னா அது கிட்டத்தட்ட 200 கிராம் வரும், அப்போ பிள்ளை திங்கிறது கேரட்டா சீனியா? உங்க பேப்பர நம்பி இத வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைக்கிற அம்மாக்கள் நிறைய பேர் இருக்காங்க, அதனால தான் சொல்லணும்னு தோணுச்சு.

இனிப்பே குடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. பிள்ளைங்களுக்கு இனிப்பு பிடிக்கத்தான் செய்யும், தாய்ப்பாலே இனிப்பு தானே, பொறந்த நாள்ல இருந்து அந்த ருசிக்கு பழகின நாக்கு அது. நான் சொல்றது என்னன்னா அந்த இனிப்பு பழத்துலயும் கிழங்குலயும் காயிலயும் ஏற்கனவே இருக்கு, நம்ம அவசரப்பட்டு சமைக்கிறதாலயும் பழுக்காதத வாங்குறதாலயும் தான் அது வெளிய வரமாட்டேங்குது, அப்புறம் இனிப்பு பத்தலன்னு சீனிய கொட்டுறோம்.

சீனிக்கிழங்கையே எடுத்துக்கோங்க, சக்கரவள்ளின்னு சொல்றாங்களே அதான். இப்ப எல்லா வீட்டுலயும் குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டு எடுத்துடுறாங்க, கிழங்கு வெந்துடும் ஆனா சப்புன்னு இருக்கும், உடனே மேல சீனிய தூவி தட்டுல வச்சுடுவாங்க. அந்த கிழங்குக்குள்ள இருக்குற மாவுச்சத்த இனிப்பா மாத்துற ஒரு நொதி அதுக்குள்ளயே இருக்கு, அது நல்லா வேலை செய்றது சுமாரா 60 டிகிரில இருந்து 75 டிகிரி சூட்டுக்குள்ள தான், அதத் தாண்டி சூடு ஏறிட்டா அந்த நொதி செத்துப் போயிரும். குக்கர்ல சூடு குபீர்னு ஏறிடுறதால அதுக்கு நேரமே கிடைக்கிறதில்ல. அதே கிழங்க தோலோட கழுவி, அடி கனமான பாத்திரத்துல அடில ஒட்டாத அளவுக்கு மட்டும் கொஞ்சூண்டு தண்ணி விட்டு, இறுக்கமா மூடி, அடுப்ப சிம்ல வச்சு முக்கா மணி நேரம் விட்டுப் பாருங்க. தண்ணி சுண்டி கிழங்கோட நுனி லேசா வெடிச்சு அதுல இருந்து பிசுபிசுன்னு பாகு மாதிரி கசிஞ்சு பாத்திரத்தோட அடில பழுப்பா பிடிச்சிருக்கும், தோல இழுத்தா தானா கழண்டு வரும், உள்ள ஈரமா மெத்துனு இருக்கும், வாய்ல போட்டா இதுல யாரும் சீனி கலக்கலன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அந்த காலத்துல கஞ்சி வச்சு முடிச்ச அடுப்புல கங்குல புதைச்சு விட்டுட்டு வேற வேலைய பாப்பாங்களே, அதுல அந்த ருசி வந்ததுக்கும் இதே காரணம் தான். பிள்ளைக்கு குடுக்கும்போது மசிச்சு துருவின தேங்கா கொஞ்சம், ஒரு சிட்டிகை ஏலம், போதும். ஒரு வயசு தாண்டின பிள்ளையா இருந்தா ஒரே ஒரு துளி உப்பு சேத்தா இனிப்பு இன்னும் எடுத்துக் காட்டும், ஒரு வயசுக்குள்ளன்னா உப்பும் வேண்டாம். கிழங்க வாங்கின அன்னைக்கே வேக வைக்காம நாலஞ்சு நாள் காத்தோட்டமா நிழல்ல போட்டு வச்சா இன்னும் நல்லது, ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, நடுவுல கல்லு மாதிரி ஆகிடும்.

அடுத்தது ஏத்தம்பழம், வெளியூர்ல நேந்திரம்னு சொல்வாங்க. எங்க நாகர்கோவில் பக்கத்துல அவிச்ச ஏத்தம்பழம் திங்காம வளந்த பிள்ளை இருக்காது. ஆனா இப்ப கடைல மஞ்சளா பளபளன்னு இருக்குற பழத்த வாங்கிட்டு வந்து அன்னைக்கே அவிக்கிறாங்க, அது இன்னும் பாதி மாவா தான் இருக்கும், நாக்குல துவர்க்கும், பிள்ளை துப்பிடும். தோல்ல கருப்பு கருப்பா புள்ளி விழுந்து, ஏன் பாதி தோல் கருத்தே போனா கூட பரவால்ல, அப்பத்தான் மாவு முழுசா இனிப்பா மாறி இருக்கும். தோலோட ரெண்டா வெட்டி இட்லி பானைல வச்சு தோல் வெடிக்கிற வரைக்கும் ஆவில விடணும். உரிச்சு நடுவுல ஓடுற கருப்பு நாரையும் விதையையும் ஒரு ஸ்பூன் காம்பால நீளமா இழுத்து எடுத்துட்டு, கைக்குழந்தைன்னா நல்லா மசிச்சு குடுக்கலாம், ஸ்கூல் போற பிள்ளைன்னா வட்டமா வெட்டி தோசைக்கல்லுல ஒரு ஸ்பூன் நெய் விட்டு ரெண்டு பக்கமும் செவக்க வாட்டி ஸ்நாக்ஸ் பாக்ஸ்ல போட்டு விடலாம், பதினொரு மணி இண்டர்வெல் வரைக்கும் கெடாது, கருக்காது. ஆப்பிள வெட்டி அனுப்பினா பழுப்பா மாறி பிள்ளை அப்படியே திருப்பி கொண்டு வந்துடும்ல. ஆப்பிள் மேல நமக்கு இருக்குற மோகமே எனக்கு புரியல, வடசேரி சந்தைல மட்டிப்பழம்னு எங்க ஊர் சின்ன வாழைப்பழம் குலை குலையா தொங்குது, 2023ல புவிசார் குறியீடு கூட கிடைச்சாச்சு, பரம்பரையா இந்த மாவட்டத்துல கைக்குழந்தைக்கு குடுக்குற பழம் அது, அத விட்டுட்டு ஆறு மாச குழந்தைக்கு மெழுகு பூசின வெளிநாட்டு ஆப்பிள வாங்கி வேக வச்சுட்டு இருக்காங்க.

மஞ்சப் பூசணிக்கு நீங்க போட்ட பாயாசத்துல தண்ணி ரெண்டு கப்னு இருந்துச்சு, அதுலயே இனிப்பு பாதி போயிரும். நல்லா முத்தினது, காம்பு காஞ்சு போனது, வெட்டினா உள்ள ஆரஞ்சு கலர்ல இருக்கணும், அத துண்டு போட்டு தண்ணியே விடாம மூடி சிம்ல வச்சா அதுவே தண்ணி விட்டு அதுலயே வெந்துடும். குழைய மசிச்சு அடுப்ப அணைச்சுட்டு கெட்டித் தேங்காப்பால் அரை கப் ஊத்தி கொஞ்சம் சுக்குப்பொடி போட்டா அதுவே பாயாசம். செட்டிநாட்டுப் பக்கம் பரங்கிக்காய் பால் கூட்டுன்னு வைப்பாங்களே, நல்ல காயா கிடைச்சா அதுக்கும் வெல்லம் தேவைப்படாது.

கேரட் அல்வா கதைக்கு வரேன். கால் கிலோ கேரட்ட பொடியா துருவி ஒரு ஸ்பூன் நெய்ல பச்ச வாசனை போற வரைக்கும் வதக்கி, அரை லிட்டர் பால ஊத்தி சின்ன தீல கிண்டிட்டே இருந்தா பால் சுண்ட சுண்ட பாலோட இனிப்பும் கேரட்டோட இனிப்பும் சேந்து கெட்டியாகும், முக்கா மணி நேரம் பிடிக்கும், கை வலிக்கும், உண்மை தான். அதுல ஊற வச்சு அரைச்ச பேரீச்சம்பழம் நாலு போடலாம், கிஸ்மிஸ் போடலாம். மலைல குளிர்ல வளந்த ஊட்டி கேரட்டா இருந்தா அதுவும் வேண்டாம், குளிர் பட்டா கேரட்ல இனிப்பு கூடும். பீட்ரூட்ட தோல் சீவி வெட்டி தண்ணில போட்டு வேக வைக்காதீங்க, கலரோட இனிப்பும் தண்ணில இறங்கிடும், முழுசா தோலோட ஆவில வேக வச்சு அப்புறம் உரிச்சு துருவி தேங்கா போட்டு பிசைஞ்சா போதும். மறுநாள் பிள்ளைக்கு ஒன்னுக்கோ ரெண்டுக்கோ சிவப்பா போனா பயந்து போய் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க, அது பீட்ரூட் கலர் தான், ரெண்டு நாள்ல போயிரும், அதுக்கு மேலயும் இருந்தா டாக்டர பாருங்க.

இதெல்லாம் சரி, பழமே இனிக்க மாட்டேங்குதேன்னு கேப்பாங்க, அது நியாயமான கேள்வி. மாம்பழ சீசன் வந்தா அதிகாரிங்க குடோன் குடோனா போய் கார்பைடு கல் வச்சு பழுக்க வச்ச பழத்த பிடிச்சு அழிக்கிற செய்திய நீங்களே வருஷா வருஷம் போடுறீங்க. கால்சியம் கார்பைடு வச்சு பழுக்க வைக்கிறது நம்ம நாட்டுல தடை, எத்திலீன் வாயு மட்டும் அளவோட விடலாம். கல் வச்ச பழம் தோல் மட்டும் ஒரே சீரா மஞ்சளா இருக்கும், முகர்ந்தா வாசனை இருக்காது, உள்ள கட்டியா புளிப்பா இருக்கும், அத வாங்கிட்டு வந்து பிள்ளை திங்கலன்னு சீனியும் பாலும் போட்டு மில்க்‌ஷேக் அடிச்சு குடுக்குறோம். விளைஞ்ச காயா வாங்கி அரிசிப் பானைல புதைச்சோ வைக்கோல்ல வச்சோ நாமளே பழுக்க வச்சா என்ன குறைஞ்சுடும், ஒரு பழுத்த வாழைப்பழத்தோட பேப்பர்ல சுத்தி வச்சா கூட சீக்கிரம் பழுத்துடும், அந்த பழம் விடுற எத்திலீனே போதும்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், இதெல்லாம் போட்டா ஆரோக்கியம்னு உங்க பக்கத்துல ஒரு வரி இருந்துச்சு, அதுல தான் எனக்கு ரொம்ப வருத்தம். கருப்பட்டி எங்க ஊர் பொருள், பண்டிகைக்கு அதுல பலகாரம் செய்யாம இருக்கப் போறதில்ல, தீபாவளி பொங்கலுக்கு நல்லா இனிப்பா சாப்பிடட்டும். ஆனா தினமும் குடுக்குற பலகாரத்துல வெல்லம்னாலும் பெரும்பங்கு சர்க்கரை தான், இரும்புச்சத்து கொஞ்சம் இருக்குங்கிறதுக்காக முக்கா கப் போட முடியுமா? உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லிருச்சு, நாம சேக்குற சர்க்கரையோட தேன், சர்பத், ஜூஸ்ல இருக்குற சர்க்கரையும் ஒரே கணக்கு தான், அது மொத்த கலோரில பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும், அஞ்சு சதவீதத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு. அந்த அஞ்சு சதவீதம் பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு ஆறு டீஸ்பூன் தான் வரும், பிள்ளைக்கு அதவிட கம்மி. முழுப் பழத்துலயும் காய்லயும் இருக்குற இனிப்பு இந்த கணக்குல வராது, நாரோட மெதுவா உள்ள போறது அது. பிழிஞ்சு வடிகட்டினா அதே பழம் கணக்குல வந்துடும், அதனால ஜூஸ் வேண்டாம், பழமா குடுங்க. தேன் ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு நாக்குல தடவக் கூட கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமியால பாட்யூலிசம்னு ஒரு ஆபத்தான நோய் வரலாம், இத தடிச்ச எழுத்துல போடுங்க.

நான் ஏதோ மிகைப்படுத்துறேன்னு நினைக்காதீங்க. 2025 மே மாசம் சிபிஎஸ்இ தன்னோட ஸ்கூல் எல்லாத்துக்கும் சர்க்கரை அளவ பத்தி போர்டு வைக்கச் சொல்லி சுற்றறிக்கை விட்டுச்சு, அதுல 4ல இருந்து 10 வயசு பிள்ளைங்க சாப்பிடுற கலோரில 13 சதவீதமும் 11ல இருந்து 18 வயசு பிள்ளைங்களுக்கு 15 சதவீதமும் சர்க்கரைலயே வருதுன்னு இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஏப்ரல்ல தான் பால்ல கலக்குற மாவுங்கள ஹெல்த் ட்ரிங்க்னு போட்டு விக்கக் கூடாதுன்னு மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைங்களுக்கு சொல்லிச்சு. கம்பெனிக்காரன் அப்படித்தான் விப்பான்னு விட்டுடலாம், வீட்டுல நம்ம கையால கிண்டுறதுலயும் அதே அளவு சீனின்னா என்ன பண்றது?

பிள்ளை மூஞ்சிய சுளிச்சுதுன்னு ஒரே நாள்ல விட்டுடாதீங்கன்னும் அந்த பக்கத்துல எழுதணும். புது ருசிக்கு பழக பத்து தடவை வரைக்கும் கூட ஆகும், திணிக்காம ஒரு வாய் மட்டும் தட்டுல வைங்க, பக்கத்துல உக்காந்து நாமளும் அதையே திங்கணும். சின்னதுலயே சீனி போட்ட கேரட்ட தின்னு பழகிட்டா அப்புறம் வெறும் கேரட் அந்த நாக்குக்கு இனிப்பாவே தெரியாது, எங்க வீட்டு பிள்ளைங்க கிட்டயும் அக்கம்பக்கத்துலயும் நான் பாக்குறது இதான். மாமியார் பாட்டிமார்ங்க "சீனி போடாம பிள்ளைக்கு எப்படி இறங்கும்"னு கேப்பாங்க, அவங்க கிட்ட சண்டை போடாம மெதுவா வெந்த கிழங்குல ஒரு துண்டு அவங்க வாய்லயும் வைங்க. இன்னொன்னு, பச்சக் கேரட் துண்டு, முழு திராட்சை இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கு தொண்டைல அடைக்கும், திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டி குடுக்கணும், கேரட்ட வேக வச்சோ துருவியோ தான் குடுக்கணும்.

அதனால என்னோட கோரிக்கை இது தான். அந்த பக்கத்துல வர்ற ஒவ்வொரு செய்முறைக்கும் எத்தனை வயசு பிள்ளைக்குன்னு போடுங்க, ரெண்டு வயசுக்குள்ளன்னா சீனியும் வெல்லமும் பொருள் பட்டியல்லயே வரக் கூடாது, தேவைப்பட்டா சேக்கலாம்னு கூட போடாதீங்க, போட்டா எல்லாரும் சேத்துடுவாங்க. பழம் எந்த பதத்துல இருக்கணும், தீ எவ்வளவு, நேரம் எவ்வளவுன்னு விவரமா எழுதச் சொல்லுங்க, இனிப்பு அதுல தான் இருக்கு. சீசன் பாத்து போடுங்க, சித்திரைல நுங்கும் மாம்பழமும், ஆனில பலா, தைல கிழங்கு. கிழங்கு மலிவா கிடைக்கிற தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை முழுப் பக்கத்தையும் அதுக்கே ஒதுக்கினா நல்லா இருக்கும், வாசகர்ங்க வீட்டு செய்முறைய கேட்டு வாங்கி போடுங்க, நானும் அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்.