எரிகோவின் மதில் விழுந்த பிறகு

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் வகுத்துத் தரும் போதகர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் கானானின் எரிகோ பட்டணத்தைப் பிடித்த கதையை நான் பல வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அட்டைப்பெட்டிகளை அடுக்கி மதில் கட்டுவோம். காகிதத்தைச் சுருட்டி எக்காளமாக்கிக்கொண்டு பிள்ளைகள் ஏழு சுற்று வருவார்கள். கடைசிச் சுற்றில் ஒரே ஆர்ப்பரிப்பு, பெட்டிகள் சரியும், அப்புறம் மிட்டாய். யோசுவா 6-ஆம் அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தோடு பாடம் முடிந்துவிடும்.

21-ஆம் வசனத்தை ஒருநாளும் நான் வாசித்துக் காட்டியதில்லை. ஆண், பெண், வாலிபர், கிழவர், ஆடுமாடு, கழுதை எல்லாவற்றையும் பட்டயக்கருக்கினால் சங்காரம் பண்ணினார்கள் என்கிற வசனம் அது. நாம் தாண்டிப் போனாலும், பிள்ளைகள் வளர்ந்ததும் தாங்களே அதை வாசிப்பார்கள். அப்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக வாசிப்பார்கள். அந்த நினைப்புதான் என்னை எழுத வைக்கிறது.

இப்படித் தெய்வத்துக்கென்று ஒப்புக்கொடுத்து முழுவதும் அழிப்பதை நம் வேதாகமம் 'சாபத்தீடு' என்று சொல்கிறது; எபிரேயத்தில் அது 'ஹேரெம்'. இது இஸ்ரவேலர் மட்டும் பேசிய பேச்சு அல்ல. 1868-இல் இன்றைய ஜோர்தானிலுள்ள தீபோனில் கிடைத்த கல்வெட்டில், கி.மு. 9-ஆம் நூற்றாண்டு மோவாப் ராஜா மேசா அதே சொல்லைத்தான் வெட்டி வைத்திருக்கிறான். இஸ்ரவேலிடமிருந்து நேபோ என்ற ஊரைப் பிடித்து, ஏழாயிரம் பேரைத் தன் தெய்வத்துக்குச் சாபத்தீடாகக் கொன்றேன், இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்கிறான். இஸ்ரவேலோ அழியவில்லை. அந்தக் காலத்து ராஜாக்கள் வெற்றியை இப்படித்தான் பேசினார்கள்.

யோசுவா புத்தகத்துக்குள்ளேயே இது தெரிகிறது. 10-ஆம் அதிகாரத்தில் எபிரோனிலும் தெபீரிலும் ஒருவரும் மீதியில்லை. 15-ஆம் அதிகாரத்தில் காலேபும் ஒத்னியேலும் அதே ஊர்களை மறுபடி பிடிக்க வேண்டியிருக்கிறது. 1952 முதல் 1958 வரை எரிகோவைத் தோண்டிய தொல்லியல் அறிஞர் கேத்லீன் கென்யன், விழுந்து கிடந்த மதில்கள் யோசுவாவின் காலத்துக்கு வெகு முந்தியவை என்றே முடிவு செய்தார்.

சரி, மிகைப்படுத்திய பேச்சு என்று சொல்லிவிட்டால் மனசு ஆறிவிடுமா? எனக்கு ஆறவில்லை. ஒரே ஒரு குழந்தை செத்திருந்தாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் இதைப் பேசாமல் விடுவதில் இருக்கும் ஆபத்து தெரியும். 1637-இல் அமெரிக்காவின் மிஸ்டிக் என்ற இடத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் பீக்குவாட் என்ற பூர்வகுடி மக்களின் குடியிருப்புக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். படையை நடத்தியவர்களில் ஒருவரான ஜான் அண்டர்ஹில், பெற்றோரோடு பெண்களும் பிள்ளைகளும் சாக வேண்டும் என்று சில சமயம் வேதமே சொல்கிறது என எழுதினார். வேதத்தை வாசித்து வளர்ந்த மனுஷன் அவர்!

12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ், இஸ்ரவேலர் அழிக்கும்படி வேதம் சொல்லும் கானானின் ஏழு ஜாதிகளின் நினைவே அற்றுப்போனது என்று எழுதினார். இன்று வாழும் எந்த ஜனத்தையும் காட்டி, இவர்கள்தான் கானானியர் என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். 6-ஆம் அதிகாரத்துக்கு முன் 5-ஆம் அதிகாரத்தின் 13, 14 வசனங்களை வாசியுங்கள். உருவின பட்டயத்தோடு நிற்கும் கர்த்தருடைய சேனையின் அதிபதியிடம், அவர் யாரென்று தெரியாமல், நீர் எங்களைச் சேர்ந்தவரோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ என்று யோசுவா கேட்கிறான். "அல்ல" என்று பதில் வருகிறது. யோசுவாவின் பக்கம் என்றுகூட அவர் சொல்லவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம்.

அப்புறம் ராகாபைச் சொல்லுங்கள். எரிகோவின் கானானியப் பெண் தன் வீட்டாரோடு தப்புகிறாள், மத்தேயுவின் வம்ச அட்டவணையில் இயேசுவின் முன்னோராக நிற்கிறாள். யூதா கோத்திரத்து ஆகானோ சாபத்தீடானதைத் திருடிச் சாகிறான். யார் உள்ளே, யார் வெளியே என்று நாம் போட்ட கோடு அங்கேயே கலைந்துவிடுகிறது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் 21-ஆம் வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள். வாசித்ததும் விளக்கத்துக்கு ஓடாமல், அவர்கள் வாய் திறக்கும் வரை பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்