அரை அங்குல நட்டும் பதின்மூன்று ஸ்பேனரும்

ஹட்டன்,
ஞாயிறு காலை.

மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. பதில் போடாததற்கு மொரிஸ் மைனர்தான் காரணம், கோபிக்காதே. நகத்துக்குள் துருவும் கிரீசுமாக இருந்த கையால் எழுதினால் கோத்தகிரி வரைக்கும் நாறும்.

அப்பாவுடைய அதே கார்தான், ஸ்ரீ நம்பர், 1098 சிசி. 82-இல் நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்று உங்கள் தகரப் பெட்டியை ஸ்டேஷன் வரை சுமந்த கார். விற்றுவிடுங்கள் அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்த மகன், 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, ஓட்டைக் காருக்கும் தங்க விலை வந்த பிறகு வாயை மூடிக்கொண்டான். 2025-இல் மறுபடி திறந்துவிட்டார்கள், சரி, அந்த வரியைக் கட்டிப் புதிது வாங்குவது நமக்கு ஆகிற காரியமா?

நானுஓயாப் பக்கம் ஏற்றத்தில் மிதித்தால் தையல் மெஷின் மாதிரி 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் எஞ்சினோடு சைலன்சர் குழாய் சேருகிற மேனிஃபோல்டில், இடுக்கை அடைக்கிற கேஸ்கட் போயிருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டான் மச்சினன். அரை நாள் வேலை, நாமே செய்வோம் என்று நானும் மகனும் இறங்கினோம், அங்கேதான் பிடித்தது சனியன்.

இதில் இருப்பதெல்லாம் அங்குல நட்டு, உனக்குத் தெரியாததா. மேனிஃபோல்டில் உள்ளது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். மகனுடைய பெட்டியில் ஜப்பான் காருக்கான மில்லிமீற்றர் செட் மட்டும்தான். 13 ஸ்பேனரைப் போட்டான், பொருந்துவது மாதிரியே இருந்தது. புது நட்டாக இருந்தால் அந்த 0.3 மில்லிமீற்றர் ஒன்றும் செய்திருக்காது. இது ஐம்பது வருடச் சூட்டில் வெந்து, ஹட்டன் மழையில் ஊறி, மூலையெல்லாம் துரு தின்ற நட்டு. முதலாவது மழுங்கிப் போனது. இரண்டாவதற்கு அவன் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகித் தொங்கினான். திடீரென்று சுற்றியதும், "கழன்றிடுச்சுப்பா" என்று சிரித்தான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. துருப்பிடித்த நட்டு கழன்ற பிறகும் முனகிக்கொண்டே, கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும். இது வெண்ணெயில் சுற்றியது போலச் சுற்றியது. நட்டு ஏறியிருக்கிற மரையாணி, அந்த ஸ்டட், எஞ்சின் தலைக்குள்ளேயே முறிந்திருந்தது.

அவனைத் திட்டவில்லை. நான்தானே பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தேன்.

மிச்ச நட்டுகளை நான் கையில் எடுத்தேன். மூன்று நாள் காலையும் மாலையும் டபிள்யூ டி 40 அடித்து, சுத்தியலால் ஒவ்வொரு நட்டின் தலையிலும் பக்கத்திலும் சின்னத் தட்டு. பலத்த அடி இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி. வீட்டுக்காரி காரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பக்கத்து லயத்தில் சொல்லிவிட்டாள். நாலாம் நாள் காஸ் வைத்துச் சூடாக்கினேன். இந்த எஞ்சினில் காபுரேட்டரும் சைலன்சர் பக்கமும் ஒரே பக்கம் என்பதால், முதலில் காபுரேட்டரைக் கழற்றி வெளியே வைத்து, பெட்ரோல் குழாயை அடைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டேன். நட்டு விரிந்தால் துருவின் பிடி விடும். சூடாக இருக்கும்போதே மெழுகுதிரியை ஸ்டட்டில் தொட்டால் உருகி மரைக்குள் இழுபடுகிறது, எனக்கு எந்த ஒயிலையும் விட இதுதான் வேலை செய்தது. அப்புறம் கழற்றுகிற பக்கம் உடனே இழுக்காமல், முதலில் இம்மியளவு இறுக்கினேன். அது அசைந்த பிறகுதான் கழற்ற ஆரம்பித்தது, அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று. மழுங்கிய நட்டை மட்டும் வாளால் பக்கவாட்டில் அறுத்து உளியால் பிளந்தேன்.

முறிந்த ஸ்டட்டைத் துளை போட்டு, முறிந்த ஆணியைப் பிடித்துத் திருப்பி எடுக்கிற ஈசி அவுட் விட்டு எடுக்கலாம் என்றான் மகன். விடவில்லை. முன்பு ஒரு கராஜில் என் வேனில் அதை உள்ளேயே முறித்துவிட்டு, ட்ரில்லும் ஏறாத அந்த இரும்போடு என் கையில் திருப்பிக் கொடுத்தது மறக்கவில்லை. டவுனில் ஒரு வெல்டிங் பாஸ் இருக்கிறார், முறிந்த நுனியில் ஒரு நட்டை வைத்து அதன் நடுவே வெல்ட் வைத்தார். ஒரு பீடி குடித்து முடிக்கும்வரை ஆறவிட்டார். ஸ்பேனரைப் போட்டார், வந்துவிட்டது மச்சான்! நான் ஒரு கிழமை தூங்காத விஷயம்.

இப்போது எல்லாம் பித்தளை நட்டு, துருப்பிடித்து ஒட்டாது. நேற்று தலவாக்கலை வரை போய் வந்தோம், சத்தமில்லை.

உன்னிடம் கேட்பதற்குத்தான் இந்தக் கடிதமே. அம்பாசடரும் மொரிஸ் வம்சம்தான், உன் பெட்டியில் அங்குல ஸ்பேனர் கிடக்கும். அரை அங்குலத்தில் ஆறு மூலை சொக்கட் ஒன்று வேண்டும். பன்னிரண்டு மூலை வேண்டாம், அது நட்டைத் தின்றுவிடும். வைகாசியில் பேத்தி கல்யாணத்துக்கு வரும்போது கொண்டு வா. திருச்சியில் கைப்பையில் வைக்காதே, பிடுங்கிவிடுவார்கள், பெட்டிக்குள் போடு.

உன் கூட்டாளி