உப்புமா அல்ல, கூஸ்கூஸ்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த மொராக்கோவின் மராகேஷ் நகரப் பயணக் கட்டுரையில், புதுப்பித்த பழைய ரியாத் (நடுமுற்றம் வைத்த) வீட்டின் மொட்டைமாடி உணவகத்தைப் பற்றி, ‘ரவை உப்புமாவுக்கு முக்கால் மணி நேரம் காக்கவைத்தார்கள்’ என்று ஒரு வரி. படித்ததும் மனம் நொந்துபோனது. மொராக்கோ சமையலறையில் கை நனைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அவர் உப்புமா என்றது கூஸ்கூஸை. அது கொதிநீரில் கொட்டிக் கிளறுவதல்ல. நம் புட்டு மாதிரி ஆவியில் வேகவைப்பது. ரவையை உருட்டிச் செய்த மணிகளில் நீர் தெளித்து, எண்ணெய் விட்டு, உள்ளங்கையால் தேய்த்து உதிர்க்க வேண்டும். கீழ்ப் பானையில் கறியும் காயும் கொதிக்கும். மேலே துளைப் பாத்திரம். இரண்டும் சேரும் இடுக்கில் ஆவி கசிந்தால் மணி வேகாது. அதனால் மாவுக் கரைசலில் நனைத்த துணியை அங்கே சுற்றிக் கட்டுவார்கள். மேலே மூடி கிடையாது. மூடினால் நீர் சொட்டிக் கட்டி தட்டிவிடும். ஆவி மேலே எழும்பியதும் அகலமான தட்டில் கொட்டி, கட்டியை விரலால் உடைத்து, உப்புநீர் தெளித்து, மறுபடியும் ஏற்ற வேண்டும். இப்படி இரண்டு, மூன்று தடவை. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, மொரித்தானியா நாடுகளின் இந்தக் கைப்பக்குவத்தை 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது தாங்கள் அறிந்ததே.

அங்கே அது வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு. வேறு நாள் இரவில் கேட்டால் பல இடங்களில் பாக்கெட் ரகம்தான் வரும். கட்டுரையாளர் என்ன கிழமை போனார் என்றே எழுதவில்லை.

‘பளபளக்கும் சிமெண்ட் சுவர்’ என்றும் எழுதியிருக்கிறார். அது ததலக்த் சுண்ணாம்புப் பூச்சு. ஈரம் காயும் முன்பே வழவழப்பான கூழாங்கல்லால் அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு பூசி மெருகேற்றுவார்கள். சோப்பும் சுண்ணாம்பும் கூடித்தான் தண்ணீர் இறங்காத மேற்பரப்பு உண்டாகிறது. எலுமிச்சைச் சாறு பட்டால் அரித்துத் தழும்பாகிவிடும். அந்தப் பழைய மண்சுவர்களில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அடிச்சுவர் உப்பி உதிரும். பழுதுபார்ப்பவர்கள் அஞ்சுவதே அதற்குத்தான்.

முன்பு ஃபெஸ் நகரக் கட்டுரையிலும் இதே குறை. ஸெல்லிஜ் என்ற மொசைக் ஓட்டு வேலைப்பாட்டில் ஒவ்வொரு துண்டும் கூர்முனைச் சுத்தியலால் கையில் கொத்தியது. அதை ‘அழகான டைல்ஸ்’ என்று ஒரே சொல்லில் தாண்டிப் போனார்கள். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. மாடியிலிருந்து தெரியும் குதூபிய்யா மசூதிக் கோபுரத்துக்கு முழுப் பக்கப் படம் போடுகிறீர்கள். சமைத்த கைக்கும் சுவர் தேய்த்த கைக்கும் நாலு வரி ஒதுக்கக் கூடாதா?

உப்புமா வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, போகிறவர்களுக்குப் பயன்படும் குறிப்பு ஒன்று: கூஸ்கூஸ் வேண்டுமென்றால் வெள்ளி மதியம் போக வேண்டும், ஹம்மாம் என்ற பொதுக் குளியலறையின் அடுப்புச் சாம்பலில் மணிக்கணக்கில் வேகும் தன்ஜியா என்ற மண்பானை இறைச்சிக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், குளிர்கால இரவில் மாடிக்குக் கம்பளி உடுப்பு தேவை, மதீனா எனும் பழைய நகரப் பகுதியின் சந்துகளுக்குள் கார் போகாது, கடைசித் தூரம் நடைதான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை.