செயலாளர் ஆண்டறிக்கை: குஞ்சுக் கணக்கும் தாய் மீன் கணக்கும்

தலைவர் அவர்களுக்கும் நம் மீன்பிடிச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உறுப்பினர் பட்டியலில் பெரிய மாற்றமில்லை. வலை, பரிசல் செலவுகளைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு மாதாமாதம் கூடியது. ஆடி மாதக் கூட்டம் மட்டும் ஆற்றில் தண்ணீர் வந்ததால் தள்ளிப்போனது.

வழக்கமாக இந்த இடத்தில் எத்தனை மீன் குஞ்சு விட்டோம் என்று வாசிப்பேன், நீங்களும் கைதட்டுவீர்கள். இந்த முறை அந்தக் குஞ்சுகளின் தாய் தகப்பன் யார் என்று பேச வேண்டியிருக்கிறது. தை மாதம் குத்தகை ஏரியில் வலை இழுத்த அன்று கரையில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். ரோகுக் கெண்டை என்று காசு கொடுத்து வாங்கிய குஞ்சுகள் வளர்ந்து வந்தபோது உடம்பு கட்லாக் கெண்டை மாதிரி அகலம், தலை மட்டும் கட்லாவைவிடச் சிறியது. ஏலக்காரர் ஒரு மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எந்தக் கூடையில போடறதுங்க?" என்றார். இரண்டு இனத்தையும் ஊசி போட்டு ஒரே தொட்டியில் முட்டையிட விட்டால் இப்படித்தான் கலக்கும். இந்தக் கலப்பு மீன் மலடும் இல்லை, மேலும் கலக்கும். குஞ்சு கொடுத்த பண்ணையிடம் கேட்டோம், பதில் இல்லை.

1957-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். அதற்கு முன் குஞ்சு என்றால் ஆற்று வெள்ளத்தில் அள்ளியதுதான், எத்தனையோ தாய் மீன்களின் பிள்ளைகள். இப்போதோ ஒரு கிலோ ரோகு லட்சக்கணக்கில் முட்டை போடும் என்பதால் நாலைந்து தாய் மீனிலேயே ஒரு ஏரியை நிரப்பிவிடலாம். வசதியும் அங்கேதான், வம்பும் அங்கேதான். எத்தனை மீனின் மரபு உண்மையில் குஞ்சுகளுக்குப் போகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த மீன்களால் வகுக்க வேண்டும். 50 பெண்ணுக்கு 2 ஆண் என்றால் மரபுக் கணக்கில் அவை 52 இல்லை, சுமார் 8 மீன்தான். 50-க்குக் கீழே இறங்கினால் சொந்தத்துக்குள்ளேயே கலந்து வம்சம் நலியும் என்பது மரபியலாளர்களின் பழைய வரம்பு.

ஏரியில் போனது பணம். ஆற்றில் போனால் திரும்பாது. காவிரிக்கே உரிய பெரிய ஆற்று மீனான திமில் மகசீரைப் பாருங்கள். மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் பொரித்த, வேறு இனமான நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடுதான் காவிரியில் விட்டார்கள். 1998 முதல் 2012 வரை தூண்டிலில் பிடித்து விட்ட 6,161 மகசீர்களின் பதிவைப் பார்த்தால் மீன் எண்ணிக்கை கூடியிருக்கிறது, திமில் மீன் மட்டும் அருகிக்கொண்டே போயிருக்கிறது. அதன் அறிவியல் பெயர் தோர் ரேமாதேவியை என்று உறுதியானதே 2018-ல்தான். அதே ஆண்டு மிக அருகிய இனப் பட்டியலிலும் சேர்ந்தது. பெயர் கிடைத்த கையோடு இந்த நிலை! அது இன்னும் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் நமக்கு மேலே உள்ள மோயாறும் ஒன்று.

நல்ல ரகம் வேண்டுமென்றாலும் ஆறுதான் கதி. ஜெயந்தி ரோகு என்ற மேம்பட்ட ரகத்துக்காக 1992-ல் புவனேசுவரத்தில் தொடங்கியவர்கள் கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி ஆகிய ஐந்து ஆறுகளின் மீன்களைத் தேடித்தான் போனார்கள்.

செயற்குழு முடிவுகள்: பில்லில் ஆண், பெண் தாய் மீன் எண்ணிக்கையை எழுதித் தராத பண்ணையில் இனி குஞ்சு வாங்குவதில்லை. ஏரிக்கு வாங்கியதில் மிச்சத்தை, புண்ணியம் என்று சொல்லி ஆற்றில் கொட்டுவதும் கூடாது. (நானே கொட்டியிருக்கிறேன்.) ஆற்றில் மீன் குறையும்போது நாமும் விடாமல் இருந்தால் எப்படி என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. சினைக் காலத்தில் வலையை நிறுத்துவதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் கருத்து, அது இன்று விவாதத்துக்கு வருகிறது.

சரி, எண்ணிக்கை: இந்த ஆண்டு ஏரியில் விட்டது போன ஆண்டில் பாதிதான். ஆற்றில் ஒன்றும் விடவில்லை. ஆரஞ்சுத் துடுப்போடு திமில் மகசீர் யார் வலையிலாவது பட்டால் படம் எடுத்துக்கொண்டு உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். அப்புறம் எனக்குப் போன் செய்யுங்கள், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.