ரேந்தைத் தலையணையும் மேல்சீலையும்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் நலம். மிஷனரிகள் மதம் மாற்றத்தானே வந்தார்கள், அவர்களை ஏன் சீர்திருத்தக்காரர்கள் என்கிறோம் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். மதம் மாற்றத்தான் வந்தார்கள். அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் வேதாகமத்தைத் தாமே வாசித்தறிய வேண்டும் என்பது புராட்டஸ்டண்ட் சபைகளின் அடிப்படை நம்பிக்கை என்பதால், தேவாலயம் எழும்பிய ஊர்களில் பள்ளிக்கூடமும் வேண்டியதாயிற்று. அதுவரை எழுத்துப் பக்கமே அண்ட விடப்படாதவர்களின் பிள்ளைகள் அங்கேதான் எழுத்துக் கூட்டினார்கள்.

மிஷனரிகள் தாமாகவே வந்துவிடவும் இல்லை. தென் திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி, தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் அங்கு வந்தார். போதகர் மீட் ஐயர் 1818-இல் வந்தார். அடுத்த ஆண்டு மால்ட் ஐயரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தவர் அந்த மால்ட் அம்மையார்தான். உன் பாட்டியின் மடியில் இருந்த உருளைத் தலையணை உனக்கு நினைவிருக்கும்: அதில் குத்திய காகிதக் கோலத்தின் மேல் வரிசையாகக் குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும், அவள் விரல்கள் அவற்றை மாற்றிப் போடும்போது கலகலவென்று ஓசை எழும். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமைகளாய்ப் பிறந்த பெண்களில் சிலர் இந்த வேலையில் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். பாட்டி அந்தத் தலையணையை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

மார்பை மறைக்கும் உரிமைக்காக நம் பெண்கள் நடத்திய மேல்சீலைப் போராட்டத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். சபையில் சேர்ந்த சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டை அணியலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது. அவர்களோ உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் மேல்சீலையும் போட்டார்கள். அதற்காகச் சந்தைகளில் அவர்களுடைய துணி கிழிக்கப்பட்டது, தேவாலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1829-இல் வந்த அரச அறிவிப்பு மேல்சீலையை மறுத்தது. மீண்டும் கலவரம் மூண்டு, சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு 1859 ஜூலையில் மார்பை மறைக்கும் உரிமை எல்லாச் சாணார் பெண்களுக்கும் கிடைத்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை விடவில்லை. மிஷனரிகள் மனு எழுதினார்கள், வாதாடினார்கள். ஆனால் அடி வாங்கியும் மறுநாள் அதே சீலையோடு சந்தைக்குப் போனவர்கள் நம் ஊர்ப் பெண்கள். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து எடுத்து வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வராது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மீட் ஐயர் பறையர் குலத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவரின் மகளை மணந்தபோது, உடன் ஊழியம் செய்த மிஷனரிகளே அதை ஏற்கவில்லை. அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. இன்றும் நம் சபையார் கொடுக்கும் மணமகள் தேவை விளம்பரங்களில் சாதிப் பெயரைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வேதனைப்படுகிறது.

பாட்டி பின்னிய ரேந்தைத் துண்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பில் பழுப்பேறியிருக்கிறது, சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்து.

அன்புடன்,
அம்மா