தெருவைப் பார்த்து நிற்கும் ஆலயம்: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்பான அக்கம்பக்கத்தாருக்கும், வேலை செய்து கொடுத்த கொத்தனார்மார், ஆசாரிமார், சித்தாள் அக்காமார் அனைவருக்கும், சபை மக்களுக்கும்,

கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துகள். ஆலயத்தின் வெளிப்புற வேலைகள் நிறைவாகி, பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஆலயம் ஆயத்தமாகிவிட்டது. இந்த மடலில் யாருடைய பெயரையும் எழுதவில்லை. நன்கொடை தந்த குடும்பங்கள் எல்லாருமே, ‘உபயம்’ என்று கல்லில் பெயர் வெட்ட வேண்டாம் என்று மனமுவந்து சொன்னார்கள். தெருத் திண்ணையிலும் தண்ணீர்க் குழாயிலும் ஒருவர் பெயர் இருந்தால், அங்கே உட்காருகிறவரும் குடிக்கிறவரும் அந்தப் பெயருக்குக் கடன்பட்டவர் போல ஆகிவிடுவார்கள். அந்தச் சங்கடம் யாருக்கும் வரக் கூடாது என்று விட்டுக்கொடுத்தவர்களுக்கு முதல் நன்றி.

ஆலயத்துக்குள் வருகிறவர்கள் பிரசங்கத்தையும் பாட்டையும் கேட்கிறார்கள். உள்ளே ஒரு நாளும் வராத பக்கத்து வீட்டாருக்கு நம்மைப் பற்றித் தெரிவதெல்லாம் சுவரும் கேட்டும் விளக்கும் சத்தமும்தான். நம் முன்னோருக்கு இது நன்றாகவே தெரியும். பாளையங்கோட்டையில் 1826-ல் எழும்பிய ஆலயத்தை இன்றும் ஊசிக்கோபுரம் என்று சொல்லித்தான் எல்லா மதத்தாரும் வழி காட்டுகிறார்கள். மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் செம்மணல் தேரிக்காட்டில் வெகுதொலைவுக்குத் தெரியும். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பேராயர்) இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லில் கட்டி 1939-ல் பிரதிஷ்டையான பேராலயத்தில், கோயில் தூண்களின் சாயலும் இஸ்லாமியக் குவிமாடங்களின் சாயலும் ஒன்றாக நிற்கின்றன. 1921-ல் தொடங்கிய திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயமும் திராவிடக் கட்டடப் பாணியிலேயே எழுந்தது. சுற்றியிருக்கிறவர்களுக்கு அந்நியமாகத் தெரியக் கூடாது என்ற கரிசனம் இவற்றில் கல்லாகவே நிற்கிறது. புதிதாகக் கட்டும் வசதி எல்லாச் சபைக்கும் இராது. இருக்கிற ஆலயத்தின் தெருப்பக்கத்தை அதே கரிசனத்தோடு திருத்தலாம். அதற்குத்தான் நீங்கள் எல்லாரும் கைகொடுத்தீர்கள்.

வரைபடம் போடுவதற்கு முன்பே வந்து மனந்திறந்து பேசிய அக்கம்பக்கத்தாருக்கு அடுத்த நன்றி. ஆலயத்தால் உங்களுக்கு என்ன இடைஞ்சல், ஆலயத்து வாசலில் உங்களுக்கு என்ன தேவை, எதை மாற்றவே கூடாது என்ற மூன்று கேள்விகளுக்கும் டீக்கடை அண்ணாச்சி, ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிமார், பூக்கார அக்காமார், வடக்கு வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார்கள். கூரைத் தண்ணீர் வடக்கு வீட்டுச் சுவரில் இறங்குவது, கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கி, படுக்கையறைக்குள் அடிக்கும் ஃப்ளட் லைட், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உட்கார இடமில்லாதது என்று வந்த பட்டியலே வேலைப் பட்டியலாக ஆயிற்று. மணியை மட்டும் மாற்றாதீர்கள் என்று அத்தனை பேரும் சொன்னது நெஞ்சை நிறைத்தது.

சுற்றுச்சுவரிலிருந்து தொடங்குகிறோம். பழைய சுவரின் 7 அடி உயரமும் மேலே பதித்த கண்ணாடிச் சில்லும், நாம் பக்கத்து வீட்டாரைத் திருடர் என்று எண்ணுவதாகவே சொல்லும். தெருப்பக்கம் மட்டும் சுவரை மூன்றரை அடிக்கு இறக்கி, மேலே கம்பி வேலி வைத்திருக்கிறது. இறக்கும்போது சம்மட்டியால் அடித்தால் கீழ் வரிசைச் செங்கல்லும் சேர்ந்து ஆடிவிடும். மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக உளி வைத்துக் கழற்றிய பொறுமைக்குக் கொத்தனார்மாரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் போனால் குழந்தைகள் தலையை விட்டு மாட்டிக்கொள்வார்கள். கம்பியை நேரே சுவருக்குள் புதைத்தால் அதன் காலடியில் தண்ணீர் தேங்கித் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். ஆகவே தகட்டில் பற்றவைத்து, தகட்டைச் சுவரின் மேல் போல்ட் போட்டு இறுக்கி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு இரண்டு கை அடித்த பிறகுதான் பெயிண்ட் ஏறியது.

அந்தச் சுவரின் வெளிப்பக்கமே இப்போது திண்ணை. உயரம் 18 அங்குலம், அகலம் 16 அங்குலம், சுவரே சாய்மானம். மழைத்தண்ணீர் நிற்காமல் இருக்க, தெருப்பக்கமாகக் கால் அங்குலம் வாட்டம். மேற்குப் பார்த்த இடமாதலால் கறுப்புக் கடப்பாக்கல்லை வேண்டாம் என்று தடுத்த கல்தச்சருக்குச் சிறப்பான நன்றி. சாயங்காலம் பஸ் வரும் நேரத்தில் அந்தக் கல்லில் கை வைக்க முடியாது. வெளிர் சாம்பல் நிறக் கருங்கல்லைப் பாலிஷ் போடாமல் கொத்தி வைத்திருக்கிறார். முழங்கால் வலியுள்ளவர்கள் கையை ஊன்றி எழும்ப வசதியாக இரண்டு இடத்தில் கைப்பிடியும் உண்டு. இந்தக் கைப்பிடி யோசனை பூக்கார அக்காமாருடையது.

தண்ணீர்க் குழாய் கேட்டுக்கு வெளியே இருக்கிறது. கேட்டுக்குள் இருந்தால் தயங்கித் தயங்கித் தாகத்தோடே போகிறவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு மூன்றரை அடியில் ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டரை அடியில் ஒன்று. பொதுக் குழாய் கெட்டுப்போவது பெரும்பாலும் குழாயால் அல்ல, அதன் காலடியால். சிந்துகிற தண்ணீருக்குப் போக வழி இல்லாவிட்டால் பாசி பிடிக்கும், வழுக்கும், கொசு முட்டையிடும். குழாயடியில் சல்லி போட்டு வாட்டம் கொடுத்து, வழியும் தண்ணீரை வாழைப் பாத்திக்கு விட்டிருக்கும் பிளம்பர் தம்பி, மாற்று வாஷர்களையும் ஒரு டப்பாவில் போட்டு, எந்த அளவு எந்தக் குழாய்க்கு என்று எழுதி வைத்துப் போயிருக்கிறார். தொட்டி கழுவும் முறையை வாலிபர் சங்கம் ஏற்றுக்கொண்டது.

இனி சுண்ணாம்பு வேலை. இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும், பழைய ஆலயம் உள்ள மற்றச் சபையாரும் கேட்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சும் எமல்ஷன் பெயிண்டும் ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்பு பூத்துப் பெயிண்ட் உரியும். பிறகு பூச்சு விடுபடும், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். அதற்கும் பிறகு செங்கல்லே பொடியாக உதிரும். அதன் மேல் மறுபடியும் சிமெண்டு பூசுவது நோயை மூடி வைப்பதுதான். உரிந்த சுவரை மறைக்க அலுமினியத் தகடு அடிக்கும் வழக்கம் இப்போது பெருகி வருகிறது. தகட்டுக்குப் பின்னால் ஈரம் அப்படியேதான் இருக்கும். ஆலயமும் ஜவுளிக்கடை முகப்பு போல ஆகிவிடுகிறது. இந்த ஆசையைச் சபையார் விட்டுவிட்டது பெரிய காரியம்.

சிமெண்டுப் பூச்சை மெஷின் வைத்து உடைக்காமல், உளியைச் சாய்த்துப் பிடித்துக் கையாலேயே உரித்தார்கள். மூட்டுகளை அரை அங்குலம் சுரண்டி, சுவரை நன்றாக உலரவிட்டார்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற்றும்போது தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல். மாறாகக் கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணே போய்விடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடாத மேஸ்திரிக்கு வணக்கம். நீற்றியதைச் சலித்து, காற்றுப் படாமல் தண்ணீருக்கடியிலேயே வைத்து, வாரக்கணக்கில் முதிரவிட்ட பிறகே அரைத்தார்கள். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. அதோடு கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக் கூடாது. சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் மெல்ல இறுகும், கனமாகப் பூசினால் மேல் தோல் மட்டும் காய்ந்து வெடித்துவிடும். ஆனி ஆடிக் காற்று ஈரத்தை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடுமாதலால், சாரத்தில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு அதை நனைத்துக்கொண்டே இருந்த சித்தாள் அக்காமாரின் உழைப்புதான் சுவரில் ஒரு விரிசலும் இல்லாததற்குக் காரணம். பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டை பிடித்தவருக்குக் கிடைக்கும் பேர், குடம் சுமந்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறோம்.

மேலே வெள்ளையடிப்பு. 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர்; 24 மணி நேரம் வைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். லிட்டருக்கு 4 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் கையில் ஒட்டாது. நீலம் ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம். சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக மூன்று கை. முந்தின கை காய்ந்த பிறகே அடுத்தது. கெட்டியாக ஒரே கையில் அடித்தால் சாய்ந்தவர் சட்டையெல்லாம் வெள்ளை. திண்ணையில் உட்காருகிறவர் சாயும் சுவர் என்பதால் அங்கே கூடுதல் கவனம் எடுத்தார்கள்.

வடக்கு வீட்டாரின் பிரச்சினைக்கு வருவோம். 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர் தண்ணீர் இறங்கும். அத்தனையும் ஒரே மூலையில் விழுந்துகொண்டிருந்தால் எந்தச் சுவர் தாங்கும்? கூரைத் தண்ணீரை வாங்கும் பீலியை மாற்றி, 4 அங்குலக் குழாய் வழியாக நம் வளாகத்து மழைநீர்க் குழிக்கே திருப்பியாயிற்று. குழாய் கிளை பிரியும் இடத்தில் சருகு வடிகட்டி வைத்திருப்பதை ஐப்பசிக்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். அடைத்தால் தண்ணீர் பழைய வழியே போகும். இத்தனை காலம் பொறுத்த அந்த வீட்டாருக்கு நன்றி என்ற சொல் போதாது.

வாசல் ஏறும் தளம் 2 அடி உயரம். சக்கர நாற்காலிக்கு 1-க்கு 12 என்ற சாய்வு வேண்டும் என்பதால் சரிவுப்பாதை 24 அடி நீளம், நடுவே திரும்ப 5 அடிச் சமதளம். இடம் மிச்சம் பிடிக்கச் சாய்வைக் கூட்டினால் பிடித்துத் தள்ளுகிறவருக்கும் ஆபத்து. வழுவழுப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும், ஆகவே கொத்திய கல். பக்கவாட்டில் சக்கரம் நழுவாமல் 3 அங்குலக் கட்டை, 3 அடியில் கைப்பிடி. இதைப் பின்வாசலில் வைக்கலாம் என்ற யோசனையை மறுத்து, முன்வாசலிலேயே வைக்கச் சொன்ன பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நன்றி. படியேற முடியாதவர்கள் பின்பக்கமாக வர வேண்டிய ஆலயம் எதை அறிவிக்கும்?

விளக்குகளை எலக்ட்ரீஷியன் அண்ணன் பத்தடி உயரத்தில் கீழ்நோக்கிப் பொருத்தியிருக்கிறார். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் கண்ணைக் கூசாது, பூச்சியும் குறைவாக வரும். குழாயும் கம்பி வேலியும் பக்கத்திலேயே இருப்பதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் இணைப்பே தர மாட்டேன் என்று உறுதியாக நின்றார். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கும் பொறுப்பை ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை ஐயா ஏற்றிருக்கிறார்.

கூம்பு ஒலிபெருக்கிகள் இறங்கிவிட்டன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்றும், குடியிருப்புப் பகுதியில் பகல் 55, இரவு 45 டெசிபல் என்றும் 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் இருக்கும் தெருவில் விதி இல்லாவிட்டாலும் இறக்கத்தான் வேண்டும். உள்ளே சிறிய பெட்டிகள் போதும். மணி வழக்கம்போல் அடிக்கும்.

அறிவிப்புப் பலகையில் 1 அங்குல எழுத்தைப் பத்தடியில் சிரமமில்லாமல் படிக்கலாம். தெருவின் எதிர்ப்பக்கம் 30 அடி, ஆகவே தலைப்பு வரிகள் 3 அங்குலம். தமிழ் எழுத்தின் சுழிகள் அடைந்துபோகாதபடி வரிகளை விட்டு விட்டு எழுதிய ஓவியருக்கு நன்றி. வாசல் திறந்திருக்கும் நேரம், தண்ணீர், கழிப்பறை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் முதலில். ஆராதனை நேரம் அதற்குக் கீழே. சேகர குருவானவர் ஐயாவின் முடிவு இது.

புங்கங்கன்றுகளைச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி நட்டிருக்கிறது. நிழல் விழும் வரைக்கும் திண்ணைக்கு மேல் ஓலைப் பந்தல் போட்டுத் தந்தது ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிமார்.

அடுத்த வெள்ளையடிப்பு பங்குனியில். மட்டையும் சுண்ணாம்பும் ஆலயத்தில் இருக்கும், விருப்பமுள்ளவர்கள் பழைய சட்டையோடு வரலாம். பண்டிகை நாளின் அசனம் (பொது விருந்து) வழக்கம்போல் தெருவுக்கே. பந்தி இந்த முறை கேட்டுக்கு வெளியே திண்ணை ஓரத்திலிருந்து தொடங்கும்.

இப்படிக்கு,
ஆலயச் சீரமைப்புக் குழுவினர்