முகத்தை அப்புறம் வரையலாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வரைந்த ஆச்சி படத்தை நீயே கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனில் பேசினால் பாதியில் உன் மீட்டிங் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

கிழிப்பதற்கு முன்னால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆச்சியின் கண்கள் நெற்றிப் பக்கம் ஏறிவிட்டன. புதிதாக வரைகிற எல்லாருக்கும் வருவதுதான் இது. உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்தால் கண் சரிபாதியில் இருக்கும். நம் கவனமெல்லாம் கண், மூக்கு, வாயில் இருப்பதால் அதற்கு மேலே இருக்கும் பாதித் தலையைச் சின்னதாக்கிவிடுகிறோம். பென்சிலை வைத்து அளந்தால் சரியாகிற விஷயம். இதற்குப் போய் "எனக்குக் கை வராதுப்பா" என்று முடிவு கட்டலாமா? மூக்குத்திக்குக் கீழே பொட்டு நிழல் ஒன்று போட்டிருந்தாய். அதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நீயாகப் பார்த்தது.

நான் ராயப்பேட்டையில் சினிமா பேனர் கம்பெனியில் சேர்ந்த புதிதில் முகத்தின் பக்கமே விடமாட்டார்கள். முதலில் பிரஷ் கழுவ வேண்டும். அப்புறம் காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, பசையில் வெள்ளைப் பொடி குழைத்துப் பூச வேண்டும். பிறகு கலர் பொடியை லின்சீட் ஆயிலில் குழைப்பது. அதெல்லாம் பழகின பிறகு பின்னணி வானம், அதற்கும் பிறகு சேலை மடிப்பு, சட்டைக் காலர். முகம் மாஸ்டர் கைக்குத்தான். அது என் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. ஆனால் வானம் தீட்டித் தீட்டியே பிரஷில் எவ்வளவு எண்ணெய் எடுப்பது, எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. வானம் கெட்டால் யாரும் கலங்க மாட்டார்கள், மேலே இன்னொரு பூச்சு பூசினால் தீர்ந்தது.

உனக்கு அந்த வானத்தை யாரும் கொடுக்கவில்லை, பாப்பா. ஆபீஸ் முடிந்து களைத்து வந்து, எடுத்த எடுப்பில் நீ வரைய உட்கார்ந்தது உனக்கு உயிரான முகத்தை. அதில் ஒரு கோடு பிசகினால் ஆச்சிக்கே ஏதோ செய்துவிட்ட மாதிரி வலிக்கத்தான் செய்யும். போதாததற்கு, ஆபீசில் நாலு பேர் உன்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். அந்தத் தேர்ச்சி வர உனக்கு எத்தனை வருஷம் பிடித்தது? பென்சிலுக்கு மட்டும் சில மாதம்கூடத் தர மாட்டேன் என்கிறாய்.

முகத்தை எப்படிப் பெரிதாக்குவோம் தெரியுமா? ஸ்டில் போட்டோ மேல் கட்டம் போடுவோம். துணியிலும் அதே கணக்கில் பெரிய கட்டம், கலர் பொடி தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். போட்டோவில் ஓர் அங்குலம், துணியில் ஓர் அடி. ஒரு கட்டத்துக்குள் பார்த்தால் மூக்கு என்று ஒன்று இருக்காது. சாய்வாக ஒரு கோடு, பக்கத்தில் கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். அந்தக் கோடு கட்டத்தின் எந்த இடத்தில் நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்து வரைவோம். நீயும் கட்டம் போட்டுப் பழகு. அது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

இன்னொன்று. சாரத்தில் நின்றுகொண்டு யாரும் பேனரைக் குறை சொல்ல மாட்டோம். கன்னத்தில் ரோஸும் நீலமும் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். இறங்கி, ரோட்டைத் தாண்டி நின்று பார்த்தால்தான் முகம் சேரும். நீ மடியில் வைத்துக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிடுகிறாய். சுவரில் ஒட்டிவிட்டுச் சமையல்கட்டிலிருந்து பார். கண்ணாடியில் காட்டிப் பார், கோணல் உடனே தெரிந்துவிடும். கிழிப்பதா வேண்டாமா என்பதை மறுநாள் யோசி.

வயதாகிவிட்டது என்றும் சொன்னாய். பெரிய ஓவியர் எம்.எஃப். ஹுசைன்கூடப் பம்பாயில் சினிமா பேனர் தீட்டிப் பிழைத்தவர்தான். 1915-ல் பிறந்தவர், 1947-ல் முற்போக்குக் கலைஞர்கள் குழுவில் சேர்ந்தார். அப்போது அவருக்கும் உன் வயசுதான். அவர் அதற்கு முன்பே நிறைய வரைந்திருந்தார், உண்மைதான். ஆனால் பேர் கிடைக்காத அந்த வேலையில்தான் அவர் கையும் பழகியது.

அதனால் கொஞ்ச நாளைக்கு ஆச்சியை விடு. உன் வீட்டு எவர்சில்வர் டம்ளரை வரை, கொடியில் காயும் துண்டின் மடிப்பை வரை, வெங்காயத்தை வரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் தினம் கொஞ்ச நேரம் உட்கார். அலுப்பாக இருந்தால் எழுந்து போய்விடு, தப்பே இல்லை. எல்லாவற்றிலும் பின்பக்கம் தேதி போட்டு வை, நான் வரும்போது வரிசையாகப் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த பேப்பர் இப்போது வேண்டாம், அதில் கை கூசும். ஒரு பக்கம் அச்சான தாள் இங்கே கட்டுக்கட்டாக இருக்கிறது. கூரியரில் போடுகிறேன், அம்மா இடித்த பருப்புப் பொடியும் அதோடு வரும்.

அன்புடன்,
அப்பா